கோட்டை மதிலும் மொனேயின் வெயிலும்

கேள்வி: மட்டக்களப்புக் கோட்டை மதிலைக் காலை வெயிலில் நீர்வர்ணத்தால் வரைந்து பழகுகிறேன். மஞ்சளை எவ்வளவு பூசினாலும் மதில் மஞ்சளாகிறதே தவிர, அதில் வெயில் படிந்ததாகத் தெரியவில்லை. மொனே போன்ற மனப்பதிவுவாத ஓவியர்கள் பழைய கட்டடங்களில் வெயிலை எவ்வாறு கொண்டுவந்தார்கள்?
– வாசகி, கல்லடி

பதில்: நிழலுக்கு என்ன நிறம் பூசுகிறீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கக்கூடும்.

எந்த வர்ணமும் வெள்ளைத் தாளைவிட ஒளிராது. ஆகவே வெயிலின் பிரகாசத்தைப் பக்கத்து நிறத்தின் துணையாலேயே கண்ணுக்கு உணர்த்த முடியும். மஞ்சளும் ஊதாவும் போன்ற எதிர்நிறங்கள் அருகருகே அமைந்தால் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும் என்பதைப் பிரெஞ்சு இரசாயனவியலாளர் ஷெவ்ரல் 1839இலேயே விரிவாக எழுதியிருந்தார். மொனே, பிசாரோ போன்றோர் நிழலில் கறுப்பையும் கபிலத்தையும் குறைத்து நீலத்தையும் ஊதாவையும் இட்டார்கள். வெயில் படாத சுவரில் வானத்தின் நீலம் படிவதால் இது கண்ணுக்கும் உண்மையே. அந்த நீலத்தை ஒட்டி வரும் வெளிர்மஞ்சள், வெயிலாகவே தெரியும்.

1892இலும் 1893இலும் மொனே பிரான்சின் ரூவான் நகரப் பேராலயத்தின் எதிரே அறைகளில் இருந்துகொண்டு, பல கித்தான்களை ஒருங்கே வைத்து, வெளிச்சம் மாற மாற ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போய் வரைந்தார். அவர் வரைந்தது மேற்கு முகப்பு என்பதால், காலையில் அது நீல நிழலில் கிடந்தது. பிற்பகலில் பொன்னிறம் கொண்டது. வர்ணத்தைப் படைமேல் படையாகத் தடிப்பாக அப்பியதால், ஓவியத்தின் மேற்பரப்பே கல்லைப் போலச் சொரசொரத்தது. இவை அந்தந்த நேரத்திலேயே முடிந்தவை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஷிவெர்னியிலிருந்த தமது ஓவியக்கூடத்தில் 1894 வரை அவற்றைத் திருத்திக்கொண்டிருந்தார் என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும். முப்பதுக்கு மேற்பட்ட அவ்வோவியங்களில் 20, 1895இல் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

எண்ணெய் வர்ணத்தின் அந்தத் தடிப்பு நீர்வர்ணத்துக்கு வாய்க்காது. மேலும், ரூவான் ஏறத்தாழ 49 பாகை வடக்கில் உள்ளது. நம் ஊரோ 8 பாகைக்கும் குறைவு. இங்கே சூரியன் விரைவில் உச்சிக்கு ஏறிவிடுவதால், காலையில் வெள்ளெனப் போய் இரண்டு மூன்று தாள்களை மாற்றி மாற்றி வரைவதே நல்லது. வாவியை ஒட்டிய நிழற்பக்கத்தில், நீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மதிலின் அடிப்பகுதியைச் சற்றே தெளிய வைக்கிறதா என்று கவனியுங்கள். முதலில் நிழலை மட்டும் நீலம் கலந்து பூசி, வெயில் படும் பகுதியை வெறுந்தாளாகவே விட்டுவிடுங்கள். மஞ்சள் எவ்வளவு வேண்டும் என்பதை அதன் பிறகு தீர்மானிக்கலாம்.