வாசகர் கேள்வி: மகளின் பயிற்சிக்கு யார் செலவு செய்வார்கள்?

(பதில் எழுதுபவர் மருத்துவமனை ஒன்றில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறார்.)

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநில அரசின் கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். மத்திய அரசு நடத்தும் பயிற்சிக்காக சட்டனூகா என்ற ஊருக்கு அனுப்புகிறார்களாம். டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் மத்திய அரசு தருமாம். மாநில அரசு ஊழியருக்கு மத்திய அரசு எதற்குச் செலவு செய்ய வேண்டும்? பின்னால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று என் மனைவிக்கு ஒரே கவலை.
(வேலந்தாவளம் வாசகர்)

பதில்: ஐயா, முதலில் உங்கள் வீட்டில் அவர்களுக்குத் தைரியம் சொல்லுங்கள். பயிற்சி நடத்தும் மத்திய அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் உங்கள் மகளிடம் பணம் கேட்காது. இங்கே கம்பெனிகளில் பயிற்சி கொடுத்துவிட்டு பாண்டு எழுதி வாங்குவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம், அதனால் அந்தப் பயம் வருவது இயல்புதான். வேண்டுமானால் மாநில அரசு கொடுத்த பணி நியமனக் கடிதத்தை மகளை ஒருமுறை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். மத்திய அரசுப் பக்கத்தில் பயப்பட ஒன்றும் இல்லை.

ஏன் செலவு செய்கிறார்கள் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் கதிரியக்கப் பொருள்களைக் கண்காணிக்கும் அதிகாரம் தொடக்கத்தில் மத்திய அரசிடம்தான் இருந்தது. 1959ல் அணுசக்திச் சட்டத்தில் 274வது பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு மாநிலத்தின் ஆளுநர் மத்திய அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டால், மருத்துவமனை, தொழிற்சாலை, ஆராய்ச்சிக்கூடம் ஆகியவற்றில் இருக்கும் கதிரியக்கப் பொருள்களுக்கு லைசென்ஸ் கொடுப்பதும் ஆய்வு செய்வதும் அந்த மாநிலத்தின் வேலையாகிவிடும். அணு உலைகள் போன்றவை மத்திய அரசிடமே இருக்கும். 1962ல் கென்டக்கி முதலில் கையெழுத்திட்டது, டெக்சாஸ் 1963ல் வந்தது. மிச்சிகன், மிசௌரி போன்ற சில மாநிலங்களில் ஒப்பந்தம் இல்லை. அங்கே மத்திய அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆட்களே நேரில் போய்ப் பார்க்கிறார்கள்.

அதே 274வது பிரிவில், மாநில ஊழியர்களுக்குக் கட்டணம் வாங்கியோ வாங்காமலோ பயிற்சி தரலாம் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். வேலையை மாநிலத்திடம் ஒப்படைத்தவர்கள், அதைச் செய்யும் ஆளைத் தயார்ப்படுத்தும் பொறுப்பிலும் பங்கெடுக்க இடம் வைத்தார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. நடுவில், 1990களின் பிற்பாதியில், ஆணையம் இந்தச் செலவை நிறுத்தியது. மாநிலங்களில் பட்ஜெட் இறுகும்போது முதலில் வெட்டு விழுவது பயணச் செலவில்தான், எந்த அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் இது தெரியும். பின்னால் ஆணையமே மறுபடி செலவை ஏற்றுக்கொண்டது.

இப்போது யாருக்குக் கிடைக்கும்? ஒப்பந்த மாநிலத்தில் லைசென்ஸ் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பவர்களும் நேரில் ஆய்வுக்குப் போகிறவர்களுமான தொழில்நுட்ப ஊழியர்களுக்கு. ஒப்பந்தம் செய்யப்போகிறோம் என்று முறைப்படி கடிதம் கொடுத்த மாநிலத்தின் ஆட்களையும் சேர்த்துக்கொள்வார்கள். தனியாக விண்ணப்பிக்க முடியாது. மாநிலப் பிரிவின் இயக்குநர்தான் பெயரை அனுப்ப வேண்டும். வகுப்புக் கட்டணம் கிடையாது. பயணமும் தங்கும் இடமும் தினப்படியும் மத்திய அரசின் விகிதப்படி ஆணையம் தரும். அந்த நாள்களுக்கான சம்பளம் வழக்கம்போல மாநிலம் கொடுக்கும். பயணத்துக்கு முன்பே எழுத்தில் அனுமதி உத்தரவு வரும், அது கைக்கு வராமல் சொந்தப் பணத்தில் டிக்கெட் போட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். பில்களை ஒன்றுவிடாமல் பத்திரமாக வைத்திருக்கட்டும். இன்னொன்று: பணம் மத்திய அரசுடையது என்றாலும், வெளிமாநிலப் பயணத்துக்கு அவருடைய மாநிலத்தின் அனுமதியும் தேவைப்படலாம். அந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

மகள் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்றும் கேளுங்கள். எக்ஸ்ரே இயந்திரங்கள் இந்த ஆணையத்தின் அதிகாரத்தில் வராது, அவை மாநிலத்தின் பொறுப்பு. மார்பக எக்ஸ்ரே நிலையங்களை ஆய்வு செய்யும் மாநில ஊழியருக்கு, 1992ல் வந்த தனிச் சட்டத்தின்படி, உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பயிற்சி தருகிறது. சட்டனூகா என்று சொல்வதால் உங்கள் மகள் கதிரியக்கப் பொருள்கள் பக்கம்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். ஆணையத்தின் தொழில்நுட்பப் பயிற்சி மையம் அந்த ஊரில்தான் இருக்கிறது.

இந்தப் பயிற்சிக்கு நான் ஏன் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த மருத்துவமனையில் உடலுக்குள் இரிடியம்-192 என்ற கதிரியக்க மூலத்தைச் செலுத்திச் சிகிச்சை தரும் இயந்திரம் இருந்தது. கடுகளவு உலோகம், மெல்லிய கம்பி நுனியில் இருக்கும். சிகிச்சை முடிந்ததும் அது பெட்டிக்குள் திரும்பிப் போயாக வேண்டும். ஆய்வுக்கு வருபவர்களில் சிலர் ரிஜிஸ்டரை வாங்கி, கையெழுத்துகளைப் பார்த்து, ஊழியர் மேல் பட்ட கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜின் அறிக்கையைப் புரட்டிவிட்டுக் கிளம்புவார்கள். நன்றாகப் பயிற்சி பெற்ற ஓர் அம்மா ஒருமுறை வந்தார். ரிஜிஸ்டரைத் தொடவே இல்லை. நேராக அறைக்குள் போய், அவசரப் பெட்டியும் நீண்ட இடுக்கியும் எங்கே என்று பார்த்தார். நோயாளி இல்லாத நேரத்தில் இயந்திரத்தை ஓட்டச் சொல்லி, கதவைத் திறந்து, மூலம் தானாக உள்ளே போகிறதா என்று சோதித்தார். அப்புறம் பணியில் இருந்த நர்ஸைக் கூப்பிட்டு, “மூலம் சிக்கிக்கொண்டால் முதலில் என்ன செய்வீங்க?” என்று மலையாளத்தில் கேட்டார். அந்தப் பெண் சொன்ன பதிலில் இருந்த ஒரு தடுமாற்றத்தைப் பிடித்து, அங்கேயே ஒத்திகை பார்க்க வைத்தார். எங்கள் எல்லோருக்கும் அது பாடமாக இருந்தது. இப்படிப்பட்ட கண் ஒருவருக்குப் புத்தகம் படித்து மட்டும் வருவதில்லை. மாநிலங்களின் வேலையை ஆணையம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மதிப்பிடும்போது, ஊழியர் எண்ணிக்கையையும் அவர்கள் பெற்ற பயிற்சியையும் ஒரு தனி அம்சமாகவே பார்ப்பது அதனால்தான். மகளை நிம்மதியாக அனுப்பி வையுங்கள்.

கேள்வி: நம் ஊரில் இப்படி மாநில அரசு இன்ஸ்பெக்டர்கள் உண்டா? அவர்களுக்குப் பயிற்சி யார் தருகிறார்கள்?
(பாறசாலை வாசகி)

பதில்: உண்டு, அம்மா. நம் அரசியலமைப்பில் அணுசக்தி மத்தியப் பட்டியலில் இருக்கிறது. கண்காணிப்பு 1983ல் தொடங்கிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம். மும்பையில் இருந்துகொண்டு நாடெங்கும் உள்ள எக்ஸ்ரே அறைகளைப் பார்த்துவிட முடியாது என்பதால், மாநிலங்களில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்குநரகம் அமைக்கும் முயற்சி வந்தது. அதில் முன்னால் நின்றது நம் கேரளம், 1998லேயே அமைத்துவிட்டது. எக்ஸ்ரே நிலையங்களை ஆய்வு செய்வது அதன் முக்கிய வேலை. வாரியத்துக்குச் சென்னையில் ஒரு தென்மண்டல மையமும் இருக்கிறது.

நம்மிடம் அதிகாரம் மாநிலத்துக்கு மாறுவதில்லை, வாரியம் ஒரு பகுதி வேலையைச் செய்யச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆகவே வேலை சொல்கிறவரே பயிற்சிக்கும் பயணத்துக்கும் முழுச் செலவை ஏற்க வேண்டும், அதை விதியாகவே எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2010ல் டெல்லி மாயாபுரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவிக்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. பழைய இரும்புக் கடையில் அதைப் பிரித்தார்கள், ஓர் உயிர் போயிற்று, பலர் காயப்பட்டார்கள். எங்கள் பக்கம் கஞ்சிக்கோட்டில் பழைய இரும்பை உருக்கும் ஆலைகள் இருக்கின்றன. வாளையார் வழியாக லாரிகள் வந்தபடியே இருக்கின்றன. கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரைக் கையில் பிடிக்கத் தெரிந்த மாநில ஊழியர் பக்கத்து ஊரில் இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று இங்கே வாழும் எனக்குத் தெரியும்.

கேள்வி: தனியார் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருக்கிறேன். அரசு ஆய்வாளர்களுக்கான பயிற்சியில் நானும் சேரலாமா?
(நகரி வாசகர்)

பதில்: சேர முடியாது, தம்பி. அது ஆய்வு செய்பவர்களுக்கானது. உங்களுக்கு உள்ள வழி, உங்கள் நிலையத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ஆவது. தகுதியும் பயிற்சியும் உள்ளவரை நிலைய உரிமையாளர் வாரியத்தின் இ-லோரா இணையதளம் வழியாக நியமனத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். உங்கள் எக்ஸ்ரே இயந்திரம் அதில் பதிவாகியிருக்கிறதா, லைசென்ஸ் எந்தத் தேதி வரை என்று உரிமையாளரிடம் இந்த வாரமே கேளுங்கள். உங்கள் பெயரில் பேட்ஜ் தராமல் வேலை வாங்கினால், அதையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.