கார்லோவி வாரி ஊற்றுநீர்: எதை, எவ்வளவு, எப்படிக் குடிப்பது?

கேள்வி: அப்பா அம்மாவோடு செக் நாட்டின் வெந்நீர் ஊற்று நகரமான கார்லோவி வாரிக்கு மூன்று நாள் போகிறோம். எல்லா ஊற்றுகளிலும் குடித்துப் பார்க்கலாமா? அப்பாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. ஊற்றில் குளிக்க முடியுமா? பாட்டிலில் பிடித்து வரலாமா?

பதில்: முதலில் அப்பா. இந்த நீரில் லிட்டருக்கு 6 கிராமுக்கு மேல் உப்புகள் கரைந்திருக்கின்றன. சோடியம் மட்டுமே சுமார் 1.7 கிராம். ரத்த அழுத்தமோ இதய, சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் இதைக் குடிக்கவே கூடாது. கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எல்லா ஊற்றிலும் குடிப்பதில் பயனில்லை. நிலத்தடியில் எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றுதான். சூடும் கரியமில வாயுவின் அளவும்தான் மாறும். பல ஊற்றுகளில் குடித்தால் உப்புதான் உடம்பில் ஏறும். நீரில் உள்ள சோடியம் சல்பேட் பேதி மருந்து. அவசரமாக நாலைந்து கோப்பை குடித்தவர்களுக்கு வயிற்றோட்டம் ஆவது இதனால்தான். சூடு குறைந்த நீர் மலத்தை அதிகம் இளக்கும். மலச்சிக்கல் இருந்தால் சுமார் 30 டிகிரியில் வரும் பாம்பு ஊற்று. இல்லையென்றால், 1881-இல் கட்டி முடித்த தூண் மண்டபத்தில் 50 டிகிரிக்கு மேல் வரும் ஆலை ஊற்று. ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடியே உறிஞ்சு குழாயாக அமைந்த பீங்கான் கோப்பை கடைகளில் கிடைக்கும். சூடு வாயைச் சுடாமலும் உப்பு பல்லில் படியாமலும் இருக்கத்தான் அந்த அமைப்பு. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, அதிகபட்சம் 200 மில்லி, சிறு சிறு மிடறாக, மெல்ல நடந்தபடி குடியுங்கள். ஒரே மூச்சில் குடித்தால் வாயு வயிற்றை உப்பவைக்கும். நடந்துகொண்டே குடிக்கச் சொன்னவர் 18-ஆம் நூற்றாண்டில் இங்கே மருத்துவம் பார்த்த டேவிட் பெக்கர். நல்ல யோசனை அது.

மண்டபத்து ஊற்றுகள் குடிக்க மட்டுமே. சுமார் 12 மீட்டர் உயரம் பீறிடும் வ்ர்ஷீட்லோ என்ற ஊற்றின் சூடு 73 டிகிரி. கை வைத்தால் வெந்துவிடும். குளிக்க வேண்டுமானால், நீரை ஆறவைத்துத் தரும் குளியலகங்களில் முன்பதிவு செய்யுங்கள்.

பாட்டில் வேண்டாம். வாயு வெளியேறியதும் சுண்ணாம்பு பிரிந்து அடியில் படியும், குணம் போய்விடும். கடைகளில் விற்கும் பழுப்புக் கல்ரோஜாக்கள், காகிதப் பூவின்மேல் இதே படிவு ஏறி உண்டானவைதான். உங்கள் கோப்பைக் குழாயையும் அது அடைக்கும். அன்றன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள், படிந்துவிட்டால் வினிகரில் ஊறவையுங்கள்.