மூன்றாவது ஸ்வெட்டர்

வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். பையர் அனுப்பும் படத்தைப் பார்த்து சாம்பிள் போட்டு, ஓகே வாங்கி, தேதிக்குள் ஷிப்மென்ட் அனுப்புவது, 12 வருடமாக இதுதான் வேலை. டிசைன், ஃபேஷன், ஓவியம் பற்றிப் படிக்க ஆசை. கடையில் பார்த்த புத்தகமெல்லாம் நாலாயிரம், ஐந்தாயிரம் என்கிறார்கள். எதில் தொடங்கலாம்?
எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

அந்த நாலாயிரம் ரூபாய்ப் புத்தகத்தை விட்டுவிடுங்கள். நானும் ஒன்று வாங்கினேன், இப்போது அதன் மேல் டேபிள் ஃபேன் நிற்கிறது. படங்கள் அழகுதான். ஆனால் அந்த உடையைத் தைத்தவர் எங்கே திணறினார் என்று ஒரு வரி இருக்காது.

நீங்கள் எல்சா ஸ்கியாபரெல்லியின் தன்வரலாற்றில் தொடங்குங்கள். 'ஷாக்கிங் லைஃப்', 1954இல் வந்தது. பாரிஸில் தன் ஃபேஷன் ஹவுஸை அவர் மூடியதும் அதே வருடம்தான். ஓவியர் டாலியோடு சேர்ந்து சிங்கி இறால் படம் போட்ட கவுன் செய்தவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அவருக்கு வாழ்வு வந்தது உங்கள் ஊர்ச் சரக்கில், அதாவது பின்னலாடையில். 1927 வாக்கில், தனக்குப் பின்னத் தெரியாததால் ஓர் ஆர்மீனியப் பெண்ணிடம் போய், கழுத்தில் ஸ்கார்ஃப் முடிந்த மாதிரி ஒரு பெரிய முடிச்சைக் குழந்தை கிறுக்கியதுபோல வரைந்து காட்டி, இது மேலே கட்டியதாக இருக்கக் கூடாது, பின்னலிலேயே வர வேண்டும் என்கிறார். முதல் ஸ்வெட்டர் கோணிக்கொண்டு போனது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதைப் போட்டுக்கொண்டு ஒரு மதிய விருந்துக்குப் போனார், அங்கேயே நியூயார்க் பையர் ஒருவரிடமிருந்து ஆர்டர்: 40 ஸ்வெட்டர், 40 ஸ்கர்ட், இரண்டே வாரத்தில். சரி என்று சொல்லிவிட்டு, அவரும் அந்த ஆர்மீனியப் பெண்ணும் பின்னத் தெரிந்த வேறு ஆர்மீனியப் பெண்களைத் தேடி அலைகிறார்கள். இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது உங்களுக்கு உங்கள் ஆபீஸ் நினைவு வராமல் இருக்காது. எழுத்தில் கொஞ்சம் அலட்டல் உண்டு, திடீரென்று 'நான்' போய் 'ஸ்கியாப்' வந்துவிடும், யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிப் பேசுவதுபோல. பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிசைனுக்கு, காசே வேண்டாம். 1958இல் அமெரிக்க டிசைனர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி நம் அரசுக்கு எழுதிக் கொடுத்த 'இந்தியா ரிப்போர்ட்' இணையத்தில் கிடைக்கிறது, ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் வந்ததே இதை ஒட்டித்தான். நாடெல்லாம் சுற்றிப் பார்த்தவர்கள் கடைசியில் மயங்கியது லோட்டாவில், நம் வீட்டுச் செம்பில்! இடுப்பில் எப்படி உட்காரும், தலையில் எப்படி நிற்கும், எப்படி ஊற்றும், கழுவ எளிதா, தட்டினால் என்ன சத்தம் வரும் என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். அதைப் படித்தபின் நான் சமையலறைக்குப் போய் ஒரு செம்பை எடுத்துத் தட்டிப் பார்த்தேன்.

ஓவியத்துக்கு, கலை விமர்சகர் ஜான் பெர்ஜரின் 'வேஸ் ஆஃப் சீயிங்', 1972. ஏழு கட்டுரைகளில் மூன்றில் எழுத்தே கிடையாது, வெறும் படங்கள். கடைசிக் கட்டுரை விளம்பரத்தைப் பற்றியது: அடுத்தவர் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படுவார் என்ற நினைப்பைத்தான் அது விற்கிறது என்பார். நீங்கள் அனுப்பும் டீஷர்ட் வெளிநாட்டுக் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும், எனவே அதிகம் சொல்லவில்லை.

அப்புறம் ஓர் உதவி. அந்த ஸ்வெட்டரில் கறுப்பு நூலுக்குப் பின்னால் வெள்ளை நூலும் கூடவே ஓடி, நடுநடுவே எட்டிப் பார்க்குமாம், அதனால்தான் துணி தொய்யவில்லையாம். உங்கள் நிட்டிங் மாஸ்டரிடம் இதற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதுங்கள்.