கேள்வித்தாளோடு அலையும் மகளுக்கு வேலை கிடைக்குமா?

வணக்கம் சகோதரி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மகள் மொழி பற்றிய ஆய்வுக்காக சிங்கப்பூர் தேக்காவில் கேள்வித்தாளோடு அலைகிறாள், இந்த ஆய்வு வேலையை நம்பி எப்படி விடுவது என்று கேட்டிருந்தீர்கள். அவள் எழுதிய குறிப்பையும் அனுப்பியிருந்தீர்கள். அதைப் படித்ததும் எனக்குக் கவலை வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது.

வீட்டில் அதிகம் பேசும் மொழி எது என்று முதலில் இணையப் படிவத்தில் கேட்டிருக்கிறாள். பதில் போட்டவர்கள் எல்லாம் அவள் வகுப்புப் பிள்ளைகள். அப்புறம் ஒரு பாட்டியை நேரில் பார்த்திருக்கிறாள். "தமிழ்தான்" என்ற பாட்டி, பேச்சுக்கு நடுவே பேரனைச் சாப்பிடக் கூப்பிட்டது ஆங்கிலத்தில். "பாட்டி பொய் சொல்லவில்லை. யாரோடு பேசும்போது என்று நான்தான் கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறாள் பாருங்கள், அந்த வரிதான் முக்கியம். படிவம் தயாரிக்க யாரும் ஒரு நாளில் பழகிவிடலாம். கேள்வி மாறினால் பதிலும் மாறும் என்பது லேசில் பிடிபடாது.

சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் ஆங்கிலமே அதிகம் பேசுவதாகச் சொன்னவர்கள் 48.3 விழுக்காடு. அதோடு விட்டிருந்தால் தாய்மொழி போயிற்று என்றுதான் நினைத்திருப்போம். இரண்டாவதாக எந்த மொழி என்றும் கேட்டதால், அவர்களில் சுமார் 87 விழுக்காட்டினர் வேறொரு மொழியும் பேசுவது தெரிந்தது. உங்கள் மகள் தானாகவே வந்து சேர்ந்த இடம் இது.

வேலைக்கு வருவோம். புள்ளிவிவரத் துறை, மனிதவள அமைச்சு, மருத்துவமனை ஆய்வுப் பிரிவுகள், சந்தை ஆய்வு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் என்று இடம் உண்டு. ஆனால் ஆய்வு உதவியாளர் வேலை பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான் தொடங்கும், பல இடங்களில் பட்டமும் கேட்பார்கள். அதனால் டிப்ளோமாவோடு நிறுத்த வேண்டாம். கணக்கு என்றால் அவளுக்குப் பயம் என்கிறீர்கள். அதை இப்போதே சரிசெய்யுங்கள். எக்செல் நன்றாகக் கைவந்த பிறகு எஸ்பிஎஸ்எஸ் அல்லது ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளைப் பழகட்டும். புள்ளியியல் தெரியாமல் இந்தத் துறையில் மேலே போவது கஷ்டம். அவளுடைய தமிழையும் குறைவாக நினைக்காதீர்கள். முதியவர்களிடம் அவர்கள் மொழியிலேயே உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள் ஆய்வுக் குழுக்களுக்குத் தேவை.

ஒன்றை மட்டும் உடனே மாற்றச் சொல்லுங்கள். படிவத்தில் அடையாள அட்டை எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. சட்டம் கேட்டாலோ, ஆள் யார் என்பதை மிக உறுதியாகத் தெரிந்துகொள்ளும் தேவை இருந்தாலோ தவிர, நிறுவனங்களே அந்த எண்ணை வாங்கக் கூடாது என்ற விதிமுறை 2019 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. மொழி பற்றிய ஆய்வுக்கு அது எதற்கு? பாட்டியின் பெயரும் கைப்பேசி எண்ணும் குறிப்பில் அப்படியே இருக்கின்றன, அவற்றையும் எடுக்க வேண்டும். திருத்திய படிவத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். வேலைப்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது எதையெல்லாம் சேர்க்கலாம் என்று அவளிடமே பேசுகிறேன்.