தெருக்காவல் குழு: பார்ப்பதும் சொல்வதும்தான் வேலை

எட்டு வருடமாக எங்கள் தெருவின் காவல் குழுவை ஒருங்கிணைக்கிறேன். குழுவைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, குழுவில் சேர்ந்தால் ராத்திரி தடியோடு ரோந்து போக வேண்டுமா? எனக்கு முழங்கால் வலி.

வேண்டாம். ரோந்தே இல்லாமல் நடக்கும் குழுக்கள் நிறைய உண்டு. வீடு புகுந்து திருடுபவர் பெரும்பாலும் ஆளில்லாத வீட்டைத்தான் தேடுவார். அதனால் பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் முழங்கால் வலிக்காரர்தான் எங்களுக்குப் பொக்கிஷம்! எதிர்வீட்டு வாசலில் நான்கு நாள் பேப்பர் சேர்ந்து கிடப்பது அவர் கண்ணில்தான் முதலில் படும். தடியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கையில் இருந்தால் ஓங்கத் தோன்றும்.

கேள்வி: சந்தேகப்படும்படி ஒருவர் நின்றால், "யார் நீ" என்று போய்க் கேட்கலாமா?

கேட்காதீர்கள், பின்னாலும் போகாதீர்கள். 2012-இல் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் நகரில், இப்படி ஒரு குழுவின் ஒருங்கிணைப்பாளர், நடந்து போன 17 வயதுப் பையன் மேல் சந்தேகப்பட்டு போலீஸை அழைத்தார். பின்தொடர வேண்டியதில்லை என்று போனில் சொன்னார்கள். சில நிமிடங்களில் பையன் அவர் துப்பாக்கிக்குப் பலியானான். அவனிடம் இருந்தது ஒரு மிட்டாய்ப் பொட்டலமும் ஒரு டப்பா குளிர்பானமும். கடைக்குப் போய்விட்டு, தான் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். அடுத்த வருடம் நீதிமன்றம் சுட்டவரை விடுவித்துவிட்டது. சட்டம் எப்படிப் பார்த்தாலும் பையன் திரும்பி வரப்போவதில்லை.

"அழுக்குச் சட்டை போட்ட ஆள் நிற்கிறான்" என்று எனக்குச் செய்தி வந்தால், "நின்று என்ன செய்கிறார்?" என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேர் அதோடு நிறுத்திவிடுவார்கள். "மூன்று வீட்டுக் கதவைத் தள்ளிப் பார்த்தார், ஆள் வந்தால் முகவரி கேட்கிறார்" என்று வந்தால் உடனே போலீஸுக்குப் போன் போடுவேன்.

கேள்வி: போலீஸிடம் பேசும்போது பதற்றத்தில் எல்லாம் மறந்துவிடுகிறது.

முதலில் இடத்தைச் சொல்லுங்கள். லைன் துண்டானாலும் எங்கே வர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். உயரத்தை அடிக்கணக்கில் யோசிக்காமல், "கேட்டுக்கு மேல் தலை தெரிந்தது" என்று பாருங்கள். சட்டையைவிடச் செருப்பைக் கவனியுங்கள். சட்டையைச் சட்டென்று மாற்றிவிடலாம். வண்டி எண், போன திசை, நேரம். இவற்றை அடுத்த வீட்டுக்காரரிடம் பேசும் முன்பே எழுதி வையுங்கள். பேசிவிட்டால் அவர் பார்த்ததும் நீங்கள் பார்த்ததும் கலந்துவிடும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் திருடு போனது. இனி இந்தப் பக்கம் வரமாட்டான்தானே?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒருமுறை திருடு போன வீட்டிலும் அதன் அக்கம்பக்கத்திலும் அடுத்த சில வாரங்களுக்கு ஆபத்து கூடுதல். வழி தெரிந்துவிட்டதே! 1980-களில் இங்கிலாந்தின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் இதை வைத்தே வேலை செய்தார்கள். திருடு போன வீட்டைச் சுற்றியிருந்த ஐந்தாறு வீட்டாரை மட்டும் அதன்மேல் ஒரு கண் வைத்திருக்கச் சொன்னார்கள். பூட்டுகளையும் பலப்படுத்தினார்கள். வீட்டுத் திருட்டு பெருமளவு குறைந்தது. தெரு முழுக்கக் குழு சேராவிட்டாலும், இந்த ஐந்தாறு வீடுகள் போதும், தொடங்கிவிடலாம்.

கேள்வி: உண்மையிலேயே குற்றம் குறைகிறதா? இல்லை, மனத்திருப்திதானா?

2008-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குழு இருந்த பகுதிகளில் குற்றம் 16 முதல் 26 சதவீதம் வரை குறைந்திருந்தது. ஆனால் எல்லா இடத்திலும் பலன் இல்லை. பலன் கிடைத்த இடங்களிலும் எதனால் என்று தெளிவாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "இங்கே காவல் குழு உண்டு" என்று பலகை மாட்டிவிட்டுத் தூங்கப் போகும் குழுவை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் தெரியாத ஆட்களின் படம் போடலாமா?

கூடாது. 2018-இல் குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவி, இந்தியாவில் பல ஊர்களில் அப்பாவிகள் அடித்தே கொல்லப்பட்டார்கள். எங்கள் குழுவில் ஃபார்வர்டுக்கு இடமே இல்லை. தான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதலாம்.

கேள்வி: முதல் கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். இப்போது நான்கு பேர்தான்.

சரி, அந்த நான்கு பேரும் ஒருவர் போன் எண் ஒருவரிடம் வைத்திருக்கிறீர்களா? ஊருக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போகிறீர்களா? அப்படியானால் குழு நடந்துகொண்டுதான் இருக்கிறது. மற்றவர்கள் அடுத்த திருட்டுக்கு மறுநாள் வருவார்கள். எங்கள் தெருவிலும் அப்படித்தான்.