கல்லூரியில் ஓர் உதவி மையம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

தென்மாவட்டக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். எங்கள் மாணவர் ஒருவர், நடையையும் பேச்சையும் வைத்து விடுதியில் தொடர்ந்து சீண்டப்பட்டு, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டார். பால்புதுமை (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்ற) மாணவர்களுக்கென ஓர் உதவி மையம் அமைக்கத் திட்டம் எழுதித் தரும்படி முதல்வர் இப்போது என்னிடம் கேட்டிருக்கிறார். சக ஆசிரியர்கள் இரண்டு கேள்விகள் எழுப்புகிறார்கள். மனநல ஆலோசகர் ஏற்கெனவே இருக்கும்போது தனி மையம் எதற்கு? நாளைக்குப் பெற்றோர் வந்து, "எங்களிடம் ஏன் மறைத்தீர்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வது? இரண்டாவது கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள பேராசிரியருக்கு,

இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் திட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. மாணவர் சொன்ன எதுவும் அவருடைய சம்மதமில்லாமல் வீட்டுக்குப் போகாது என்று திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நிர்வாகம் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் இப்போதைக்கு மையம் வேண்டாம். நம்பி வருகிறவர்களைக் காட்டிக்கொடுக்கும் இடமாக அது ஆகிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் வேறொரு கல்லூரியில் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தாள். தோழிமேல் தனக்கிருப்பது காதல்தான் என்று ஒருநாள் வகுப்பாசிரியையிடம் சொல்லிவிட்டாள். அந்த ஆசிரியை கெட்டவர் இல்லை. பதறிப்போய் வார்டனிடம் சொன்னார். வார்டன் அப்பாவுக்குப் போன் போட்டார். மறுநாள் மதியம் அப்பாவும் தாய்மாமனும் வேன் வைத்துக்கொண்டு வந்து, பெட்டி படுக்கையோடு கூட்டிப்போய்விட்டார்கள். டி.சி. வாங்கக்கூட அவள் வரவில்லை. தை பிறந்ததும் கல்யாணம். இதில் யாருமே அவளுக்குக் கெடுதல் செய்வதாக நினைக்கவில்லை. பிள்ளையைப் பற்றிப் பெற்றோரிடம் சொல்வது நம் கடமை என்று காலங்காலமாகப் பழகியிருக்கிறோம். அரியர், வருகைப்பதிவு விஷயத்தில் அது சரி. இதில் ஒருபோதும் சரியில்லை.

பெற்றோருக்கு நீங்கள் சொல்லவேண்டிய பதில் சட்டத்திலேயே இருக்கிறது. மனநலப் பராமரிப்போ சிகிச்சையோ பெறுகிறவரின் விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்போதும், யாரிடம் சொல்லலாம் என்று முதலில் மாணவரையே கேளுங்கள். சிலருக்கு ஆபத்தே வீட்டில்தான் இருக்கும். ஆனால் இந்தச் சட்டம் வகுப்பாசிரியரையோ வார்டனையோ கட்டுப்படுத்தாது. அதனால்தான் கல்லூரி தானாகவே ஒரு விதி எழுத வேண்டும் என்கிறேன்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் சுஷ்மா வழக்கை உங்கள் சக ஆசிரியர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஒருவரையொருவர் காதலித்து, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள், வீட்டார் கொடுத்த காணாமல்போன புகார்களின்பேரில் போலீஸ் தொல்லை தாங்காமல் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்பெழுதுமுன் தனக்கே இதில் புரிதல் வேண்டும் என்று ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். நம் ஆசிரியர்களுக்கு அதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த ஆணையில் கல்வி நிலையங்களுக்கும் பரிந்துரைகள் உண்டு. பால்பேதமற்ற கழிவறை, சான்றிதழ்களில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ளும் வசதி, இம்மாணவர்களைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர் ஆகியவை அவற்றில் அடங்கும். ஒருவரின் பாலீர்ப்பை, அதாவது எப்பாலினர்மேல் ஈர்ப்பு என்பதை, 'மாற்றும்' சிகிச்சைகளுக்கும் அந்த ஆணை தடை விதித்தது. அதையொட்டி 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையை மருத்துவர்களின் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

இனி முதல் கேள்வி. உங்கள் ஆலோசகரின் அறை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். பல கல்லூரிகளில் அது முதல்வர் அறைக்கு அடுத்த கதவு. வாசலில் ஒரு நோட்டு: பெயர், துறை, பதிவு எண், வந்த காரணம். வகுப்பிலிருந்து வரத் துறைத்தலைவரின் கையெழுத்து வேண்டும். காதல் தோல்வி என்று வருகிறவனே அந்த நோட்டைப் பார்த்துத் திரும்பிப் போவான். யாருக்கும் தெரியக்கூடாது என்று சிறுவயதிலிருந்து பொத்திவைத்ததைச் சொல்ல வருகிறவர் அங்கே என்ன எழுதுவார்? மையத்தை நூலகக் கட்டடத்தில் வையுங்கள். நூலகத்துக்குப் போகிற மாணவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

பெரிய பட்ஜெட் வேண்டாம். அமெரிக்காவில் இவ்வகையில் முதலாவதாகச் சொல்லப்படும் அலுவலகம் 1971-ல் ஆன் ஆர்பரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஜிம் டாய், சிண்டி கேர் என்று இருவர், ஆளுக்குக் கால்பங்கு நேர வேலை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973-ல்தான். மருத்துவ உலகமே நோய் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், மாணவர் போராட்டத்தின் அழுத்தத்தால் அந்தக் கதவு திறந்தது. பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று பல்கலைக்கழகத்தின் விதியில் சேர 1993 வரை ஆனது. அந்த அலுவலகம் இன்றும் ஸ்பெக்ட்ரம் சென்டர் என்ற பெயரில் நடக்கிறது.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ், யூட்டா மாநிலங்களில் இத்தகைய அலுவலகங்களைக் கட்டுப்படுத்தும் புதுச் சட்டங்கள் வந்ததும் ஹூஸ்டன், யூட்டா பல்கலைக்கழகங்களின் மையங்கள் மூடப்பட்டன. சட்டத்துக்கு முன் அவற்றாலேயே நிற்க முடியவில்லை என்றால், ஒரு முதல்வரின் நல்ல மனதை மட்டும் நம்பிய மையம் அவர் ஓய்வு பெறும் நாளில் முடிந்துவிடும். ஆகவே ஆட்சிக்குழுத் தீர்மானமாகக் கேளுங்கள். சம்பளத்தோடு ஒரு பொறுப்பாளரைக் கேளுங்கள். ஏற்கெனவே ஐந்து பொறுப்புகள் சுமக்கும் ஆசிரியர் தலையில் ஆறாவதாக இதையும் கட்டவேண்டாம். கூடவே மாணவர்கள் தாங்களாக நடத்தும் குழு ஒன்றும் இருக்கட்டும். ஐ.ஐ.டி. பம்பாயில் 'சாத்தி', ஐ.ஐ.டி. மெட்ராஸில் 'வண்ணம்' அப்படிப்பட்டவை. அலுவலகம் செய்ய முடியாததைத் தோழமை செய்யும்.

விடுதியில் நடந்ததைச் சீண்டல் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ராகிங். பாலின அடையாளம், பாலீர்ப்பு ஆகியவற்றின் பேரில் ஒருவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் ராகிங்கே என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-லேயே விதியைத் திருத்தியிருக்கிறது. அந்த மாணவர் விரும்பினால் அபராதமில்லாமல் மறுசேர்க்கை தர உங்கள் கல்லூரி முன்வர வேண்டும். திட்டம் முடியும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே முதல்வரிடம் பேசுங்கள்.

பயிற்சி என்று வரும்போது எல்லாரும் ஆசிரியர்களையே கூட்டுவார்கள். நான் முதலில் வார்டன்களையும், அடுத்துத் தேர்வுப் பிரிவு எழுத்தரையும் அழைப்பேன். திருநம்பி மாணவர் (பெண் என்று பதியப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்) ஒருவர் பழைய பெயரை மாற்றக் கேட்டு நிற்பது அந்த எழுத்தரின் மேசைக்கு முன்னால்தான். என்ன ஆவணம், எத்தனை நாள், யார் கையெழுத்து என்று ஒரே தாளில் அச்சடித்து அவரிடம் கொடுத்துவிடுங்கள். வரைவு தயாரானதும் எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.