ஆண்கள் கடலுக்குப் போயிருக்கும் நாள்களில், இறைநம்பிக்கை பற்றி எந்தப் பல்குரல் பாடலைப் பாடலாம்?

பாம்பன், தங்கச்சிமடம் போன்ற ஊர்களின் பாடகர் குழுக்களில் பெண்குரல்களே மிகுந்திருப்பதால், டெனர் (உயர்ந்த ஆண்குரல்), பாஸ் (தாழ்ந்த ஆண்குரல்) பகுதிகளை நிரப்ப ஆள் இல்லாமல் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் மெண்டல்சன், விவிலிய இறைவாக்கினர் எலியாவைப் பற்றி எழுதிய 'எலியா' என்னும் இசைப்படைப்பிலிருந்து 'Lift Thine Eyes' என்னும் பகுதியைப் பரிந்துரைப்பேன். 1846-இல் பர்மிங்ஹாமில் அரங்கேறியபோது இருகுரல் பாடலாக இருந்த இப்பகுதியை, அடுத்த ஆண்டே அவர் மூன்று பெண்குரல்களுக்கு, இசைக்கருவித் துணையின்றிப் பாடும்படி மாற்றி எழுதினார். சாக விரும்பிப் பாலைநிலத்தில் படுத்துறங்கும் எலியாவுக்கு வானதூதர்கள் பாடும் இப்பகுதி, மலைகளை நோக்கிக் கண்களை உயர்த்துவதைப் பாடும், விவிலியத்தின் 121-ஆம் திருப்பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. (மலையே தென்படாத நம் கரையில் இதைப் பாடுவது சற்று விந்தைதான்.) மூன்று குரல்களும் நெருங்கியே நகர்வதால், நடுக்குரல் சுருதி தாழ்ந்தால் முழுப்பாடலும் சரிந்துவிடும், ஆகவே பயிற்சியை நடுக்குரலிலிருந்து தொடங்குவதே நல்லது.

இதைத் தொடர்ந்து வரும் கோரஸ், இஸ்ரயேலைக் காப்பவர் உறங்குவதில்லை என்று அதே திருப்பாடலை நான்கு குரல்களில் தொடர்கிறது. இரவெல்லாம் கடலில் இருப்பவர்களின் குடும்பத்தார்க்கு இதைவிடப் பொருத்தமான வரி அரிது என்பது என் கருத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஆண்கள் கரையில் இருப்பார்கள் என்பதால், அதன் ஆண்குரல் பகுதிகளை அப்போது பயிற்றுவிக்கலாம்.